ஆறு இறகு உதிராத குஞ்சுகள்

18 ஜனவரி 2026, ஞாயிறு. திண்டிவனம்

பொங்கல் முடிந்து இன்றுதான் கடை திறந்தேன். சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. இனி இரண்டு மாதம் சாக்குக்கும் ஓய்வில்லை, எனக்கும் இல்லை. மில்லிலிருந்து வந்த கட்டுகளில் நல்ல சாக்குக்கு நடுவே எலி கடித்ததைச் சொருகி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாக உதறி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஓட்டை விழுந்ததையெல்லாம் அதே லாரியில் திருப்பி ஏற்றிவிட்டேன். இருபத்தாறு வருஷமாகப் பழஞ்சாக்கு வாங்கி விற்கிறவளிடம் இந்த வேலையா?

மத்தியானம் மொட்டைமாடிக்குப் போய்ப் புறாக்களைப் பார்த்தேன். மார்ச் ஒன்றாம் தேதி திருச்சியில் திறந்துவிட்டு வீடு வந்து சேரும் குஞ்சுப் பந்தயம் என்று புறாச் சங்கச் செயலாளர் சீனுவாசன் சார் விழுப்புரத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். இந்தப் பருவத்து வளையம் மாட்டிய குஞ்சு மட்டும்தான் பறக்கலாம். கடைசியில் வழக்கமான வரி: ‘ஆறு இறகு உதிர்ந்த குஞ்சுகளை மட்டும் கொண்டுவரவும்.’

இறக்கையில் பெரிய இறகு பத்து. உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக விழுந்து புதிது முளைக்கும். ஆறு விழுந்தால் குஞ்சு முதிர்ந்தது, விழாவிட்டால் பிஞ்சு. சங்கத்தில் எல்லோரும் எண்ணித்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணி வந்தேன்.

ஜூன், ஜூலையில் பொரித்த குஞ்சுகள் எட்டு. எட்டும் ஆறைத் தாண்டிவிட்டன. பின்னால் பொரித்தவை மூன்று. அக்டோபரில் ஒரு ஜோடி, நவம்பரில் ஒற்றையாக ஒன்று. அவற்றுக்கு இன்னும் மூன்று, இரண்டு என்றுதான் விழுந்திருக்கிறது.

அந்த மூன்றும் என் நீலப் பெட்டையின் குஞ்சுகள். நான்கு முறை திருச்சியிலிருந்து வந்தவள். நவம்பர் கடைசியில் எங்கள் கண்ணெதிரே வல்லூறு தூக்கிக்கொண்டு போனது. அவள் ரத்தத்தில் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் கூண்டில் இல்லை.

அவற்றைப் பந்தயத்துக்குப் பழக்கினால் என்ன என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சாக்குத் தைக்கிற ஊசியைக் கீழே வைக்காமலே, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

20 ஜனவரி, செவ்வாய்

பெயர் வைப்பது என் வழக்கமில்லை. வளையத்தின் கடைசி எண்தான் பெயர். அக்டோபர் ஜோடியில் 61 பெட்டை, 62 ஆண். நவம்பரில் வந்தது 77, அதுவும் ஆண் என்றுதான் தோன்றுகிறது. இன்னும் கீச்சுக் குரலில் தகப்பனைத் துரத்தித் தீனி கேட்கிறது. வெட்கம் கெட்டது.

25 ஜனவரி, ஞாயிறு

விழுப்புரத்துக்குச் சாக்கு ஏற்றிப் போன கண்ணையன் லாரியில் பதினோரு குஞ்சுகளையும் கூடையில் வைத்து அனுப்பினேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டித் திறந்துவிடச் சொல்லியிருந்தேன். அவன் போன் பண்ணி அரைமணி ஆவதற்குள் பதினொன்றும் ஒரே கொத்தாக வந்து இறங்கின. சின்னது மூன்றும் சேர்த்து!

மனசு குளிர்ந்துவிட்டது. பிஞ்சாம், பிஞ்சு.

26 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கூட்டத்தோடு வந்தால் வழி தெரிந்ததாக அர்த்தமா? பெரியவை எட்டும் முன்னால் பறக்க, இவை மூன்றும் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். கட்டை அவிழ்க்காமல் மேல் சாக்கை மட்டும் தொட்டுப் பார்த்து விலை பேசினது மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

27 ஜனவரி, செவ்வாய்

கோட்டக்குப்பத்திலிருந்து நவாஸ் பாய் வந்தார். கருவாட்டு வியாபாரம், வருஷத்துக்கு இரண்டு தடவை என்னிடம் சாக்கு எடுப்பார். துபாயில் பன்னிரண்டு வருஷம் இருந்து வந்த பிறகு புறா வளர்க்கிறார். போன வருஷக் குஞ்சுப் பந்தயத்தில் ஜெயித்தது அவர்தான். சாக்கு பேசி முடித்ததும் மாடியைப் பார்க்கலாமா என்றார்.

பெரிய எட்டையும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நேராக 61ஐக் கையில் எடுத்தார்.

“இன்னாக்கா இது, கொசு மாரி கீது. இதுங்கள வெச்சிகினு இன்னா பண்ணப் போற? எங்கிட்ட குடுத்துரு. அடுத்த வருசம் பெருசானா பாத்துக்கலாம். இப்ப வுட்டா வல்லூறுக்கு நாஷ்டாதான்.”

மூன்றையுமா என்று கேட்டேன். மூன்றையும்தான் என்றார், கொஞ்சம் அவசரமாக.

சாக்கு வியாபாரத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. வேண்டாத சரக்கை எவனும் திட்டமாட்டான், தாண்டிப் போய்விடுவான். மட்டம் தட்டிக்கொண்டே கையிலிருந்து கீழே வைக்காதவன்தான் வாங்க வந்தவன். கொடுப்பதில்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இவர் அப்புறம் சொன்னார்: “குடுக்காத. பந்தயத்துக்கும் வுடாத. கண்ணு முன்னாடி இருக்கட்டும்.”

வைத்துக்கொண்டு என்ன செய்ய? தாய் நல்லவள் என்பது தாயின் கணக்கு. பறக்காத குஞ்சை ஜோடி சேர்த்து, அதன் குஞ்சும் பறக்காமல் இருந்து, நாலு வருஷம் கழித்து ‘நீலப் பெட்டை வம்சம்’ என்று வாயால் சொல்லிக்கொண்டு திரிவேனா? ஆனால் மூன்றையும் விட்டு மூன்றும் தொலைந்தால்?

அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். தொலைந்தால் தொலைந்ததுதான். அவளுடையது என்று ஒரு இறகுகூட மிஞ்சாது.

8 பிப்ரவரி, ஞாயிறு

லாரியில் நானே போனேன். விழுப்புரம் பைபாஸ் ஓரம், காலை ஏழே கால். மூன்றை மட்டும் கொண்டுபோய்ப் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே விட்டேன். கண்ணையன் ஸ்டீயரிங்மேல் சாய்ந்துகொண்டு, “எங்க வூட்டுல புள்ளைங்கள ஸ்கூலுக்கு வுடும்போதுகூட நீ இந்த மூஞ்சி வெச்சதில்லக்கா” என்றான். நான் எப்போது அவன் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டேன்? வாய்க்கு வந்ததைப் பேசுவான்.

61 ஒரே ஒரு சுற்று சுற்றி நேராக வடகிழக்கே எடுத்தது. 62 மூன்று சுற்று. 77 சுற்றிக்கொண்டே இருந்தது. பார்வையிலிருந்து மறையும்போதுகூடச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இவர் போனில் சொன்னார்: 61க்கு நாற்பத்து நாலு நிமிஷம், 62க்கு ஐம்பத்திரண்டு. 77 இல்லை.

9 பிப்ரவரி

77 வரவில்லை.

10 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் மாடி ஏறினால் தண்ணித் தொட்டி மேல உக்காந்துகினு இருக்குது! எங்க சுத்துச்சோ, எந்த வயல்ல மேஞ்சுதோ, பொடிப்பய. காலெல்லாம் சேறு. என்னைப் பாத்ததும் வாயைத் திறந்து கீச்சு கீச்சுன்னு தீனி கேக்குது, நான் என்னமோ அதோட அப்பன் மாதிரி. உக்காந்து அழுதேன். இவர் பாத்துட்டார். பாத்தா பாக்கட்டும்.

அழுது முடித்து முடிவும் எடுத்தாயிற்று. 77 போகாது. வழி கண்டுபிடிக்கத் தெரிகிறது, ஆனால் இரண்டு நாள் ஆகிறது. இன்னும் அது குழந்தை. இறகை எண்ணியெல்லாம் சொல்லவில்லை. மூன்று மாதம் கழிந்தும் தீனிக்கு வாய் திறக்கிறது. அதுவே போதும்.

15 பிப்ரவரி, ஞாயிறு

சங்கத்துப் பழக்கப் பறப்பு, உளுந்தூர்பேட்டையிலிருந்து. விழுப்புரத்தில் எல்லோரும் கூடைகளோடு கூடினோம். சீனுவாசன் சார் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். குஞ்சைப் பிடித்து இறக்கையை விரித்து எண்ணுவதையும் சிக்னல் பார்க்கிற மாதிரிதான் செய்வார். ஒன்று உண்டு, இல்லையென்றால் இல்லை. 61இன் இறக்கையை விரித்தவர் நாலோடு நிறுத்திவிட்டார்.

“வேணியம்மா, நாலுதான் உழுந்துகீது. பிஞ்சு. திரும்ப எடுத்துகினு போங்க.”

எனக்கு ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை அங்கே சொல்லிவிட்டேன். “சார், நீங்க உழுந்தத எண்றீங்க. நிக்கிறத எண்ணுங்க.”

அவருடைய சொந்தக் குஞ்சையே வாங்கினேன். ஜூனில் பொரித்தது, எட்டு இறகு உதிர்ந்தது, எல்லோரும் மெச்சுகிற குஞ்சு. இறக்கையை விரித்துச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். ஓரத்தில், காற்றை வெட்டுகிற நீள இறகுகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்று விழுந்து இன்னொன்று பாதி முளைத்து, விரல் நுழைகிற சந்து. பக்கத்திலேயே 61இன் இறக்கையையும் விரித்தேன். அதற்கு விழுந்த நாலும் உள்பக்கம், அதிலும் மூன்று முளைத்து முடிந்துவிட்டது. வெளிப்பக்க நீள இறகு அத்தனையும் வரிசையாக, ஓட்டையில்லாமல். முன்னால் பொரித்த குஞ்சுக்குப் பந்தய நேரத்தில்தான் ஓர இறகு விழுகிறது. பின்னால் பொரித்ததற்கு அந்த முறை இன்னும் வரவில்லை. இதுதான் விஷயம். போன வருஷம் எண்ணிக்கை சரியாக இருந்த என் குஞ்சுகள் ஐந்தில் மூன்று திரும்பாததற்கு இப்போதுதான் எனக்குக் காரணம் தெரிகிறது.

“நாப்பது வருசமா இப்படித்தாம்மா எண்றோம்” என்றார் சார்.

“நாப்பது வருசமா தொலைஞ்சத யாராச்சும் எண்ணுனீங்களா சார்?”

நவாஸ் பாய் மட்டும் சிரித்தார். மற்றவர்கள் கூடைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சார் என் குஞ்சுகளின் எண்ணை எழுதிக்கொண்டார், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அப்புறம் குற்றம் சொல்லக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லமாட்டேன் என்றேன்.

இரண்டும் வந்துவிட்டன. 61 என் பெரிய குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் முன்னால்.

22 பிப்ரவரி, ஞாயிறு

பெரம்பலூரிலிருந்து. 61 பதினொரு நிமிஷ முன்னிலையில் வந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே கூண்டுக்குள் போய் இடம் பிடித்துக்கொண்டது. பிறகு என் பெரியவை, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு 62. வாலில் மூன்று இறகு இல்லை. வல்லூறு பிடியிலிருந்து நழுவியிருக்கிறது. முதுகில் தோல் கிழிந்திருக்கிறது. மஞ்சள் குழைத்து வைத்தேன்.

இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார். “அதோட ஆத்தாளும் இப்படித்தான் போனா. இன்னும் உனக்கு இன்னா பாக்கணும்?”

மஞ்சள் குழைத்த கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

24 பிப்ரவரி

இரண்டு நாளாக இவர் என்னோடு பேசவில்லை. சாக்குத் தைக்கிறார், சாப்பிடுகிறார், மாடிக்குப் போய் 62க்குத் தீனி வைக்கிறார். வாடிக்கைக்காரர்களிடம் மட்டும் பேச்சு. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கண்ணையனிடம் சொல்லி அனுப்புகிறார், நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்க. பேஜாரு.

26 பிப்ரவரி, வியாழன்

62 போகாது. இறக்கையில் ஓட்டை இருப்பதைக் கொண்டுவராதே என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, வாலில் ஓட்டையோடு நானே அனுப்பினால் அது வியாபாரமில்லை, வீம்பு. இவரிடம் சொன்னேன். தலையை அசைத்தார்.

61?

மூன்றில் தயாராக இருப்பது இது ஒன்றுதான். மூன்றில் நான் இழக்கவே கூடாததும் இதுதான் — ஒரே பெட்டை. முட்டை வைத்து வம்சத்தை நேராகக் கொண்டுபோக இவள்தான். இப்படியா வந்து மாட்டும்?

சாயங்காலம் ஒரு மணி நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். நெஞ்சு கெட்டி, ஆனால் கனமில்லை. மூச்சு அமைதி. தொண்டை இளஞ்சிவப்பு. எச்சம் உருண்டையாக, வெள்ளைத் தொப்பியோடு. கண் தெளிவு. குரல் மாறிவிட்டது, கீச்சு போய்க் கரகரப்பு வந்தாயிற்று. விரலை விட்டதும் இறக்கை தானாக விசிறி மடிவது போலச் சட்டென்று மடிகிறது. குறை தேடினேன். மனசார, ஒரு குறை கிடைத்தால் தேவலை என்று தேடினேன். கிடைக்கவில்லை.

அனுப்புகிறேன். இவரிடம் சொன்னதும், “உன் பொருள், உன் இஷ்டம்” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து முட்டையிலிருந்து வளர்த்ததை ‘உன் பொருள்’ என்கிறார். கோபம் வந்தால் இவர் பேச்சு அப்படித்தான்.

28 பிப்ரவரி, சனி

விழுப்புரத்தில் கூடை கட்டினோம். என்னுடையது மூன்று: 61, பெரியவற்றில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுக்கு ஓர இறகு விழும் நிலையில் ஆடிக்கொண்டிருக்கிறது. தெரிந்தும், மூன்று குஞ்சாவது போகட்டும் என்று சேர்த்துவிட்டேன். சங்கம் மொத்தம் முப்பத்து நாலு குஞ்சு. காலில் ரப்பர் வளையம் மாட்டினார்கள். அதன் உள்பக்கம் ரகசிய எண் இருக்கும். புறா கூண்டுக்குள் வந்ததும் வளையத்தைக் கழற்றி எண்ணைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். படம் வந்த நேரம்தான் நேரம்.

நவாஸ் பாய் கூடைக்குள் எட்டிப் பார்த்து, “கடைசி வாட்டி கேக்குறேன்க்கா” என்றார். நானும் கடைசி முறையாக இல்லை என்றேன்.

1 மார்ச், ஞாயிறு

6.40க்குத் திருச்சியில் திறந்துவிட்டதாகச் சார் வீடியோ போட்டார். வானம் துடைத்த மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்கு மாடியில் நாங்கள் இரண்டு பேரும். 9.32க்கு நவாஸ் பாய் படம் போட்டுவிட்டார். கோட்டக்குப்பத்தில் இறங்கிவிட்டது. குழு முழுக்கக் கைதட்டல்.

9.38. தென்மேற்கே, தண்ணித் தொட்டிக்கு மேலே ஒரு புள்ளி. இறக்கையை மடித்துக்கொண்டு கல் விழுவது மாதிரி விழுந்தாள். அவள்தான். விழுந்தவள் கூண்டுக்குள் போக வேண்டாமா? காயப்போட்டிருந்த சாக்குக் குவியல்மேல் உட்கார்ந்து இறகு கோதுகிறாள்! தொடவும் முடியாது, துரத்தவும் முடியாது, பறந்துவிட்டால் போச்சு. இவர் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, தீனி டப்பாவை லேசாக ஆட்டி, “வா தாயி, ஜல்தி வா தாயி, உங்கொம்மா மாரி உள்ள போ தாயி” என்று கெஞ்சுகிறார். பந்தயமே வேண்டாம் என்ற மனுஷன்!

நடந்தாள். நின்றாள். நடந்தாள். உள்ளே.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். இவர்தான் வளையத்தைக் கழற்றினார். படம் போனது 9.41க்கு.

இரண்டாவதாகத்தான் வந்தேன் என்று நினைத்துக் கீழே வந்து முகம் கழுவினேன். வந்துவிட்டாள், அதுவே போதும், வீட்டில் இருக்கிறாள் — அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. அப்புறம்தான் உறைத்தது. நேரமா முக்கியம்? வேகம் அல்லவா? கோட்டக்குப்பம் எங்களைவிடத் திருச்சிக்குக் கிட்டே. வான்வழியில் அவருக்கு 179 கிலோமீட்டர், எனக்கு 190.3. ஈரக் கையோடு கால்குலேட்டரைத் தட்டினேன். அவருடையது நிமிஷத்துக்கு 1040 மீட்டர். என்னுடையது 1051. நாலு தடவை தட்டினேன். நாலு தடவையும் 1051.

அவள் இன்னும் இரண்டு நிமிஷம் சாக்குமேல் உட்கார்ந்திருந்தால் தோற்றிருப்பேன்.

மாடிப்படியில் நின்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள், ஏதோ சாவு என்று.

2 மார்ச், திங்கள்

சார் போன் பண்ணினார். முதல் இடம் திண்டிவனம் வேணி, அதிகாரபூர்வமாக. முப்பத்து நாலில் நேற்று வீடு திரும்பியது பத்தொன்பது. அவருடைய எட்டு இறகுக் குஞ்சு இன்னும் வரவில்லையாம். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கும் இடித்துக் காட்ட மனசு வரவில்லை. ஏனென்றால் என் பெரியவற்றில் இறகு ஆடிக்கொண்டிருந்ததும் வரவில்லை. அது என் தப்பு. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

இவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பந்தயக் கதை சொல்கிறார். அவர் சொல்கிற கதையில் முதலிலிருந்தே அனுப்பச் சொன்னது அவர்தான். விட்டுவிட்டேன்.

8 மார்ச், ஞாயிறு

அடுத்த பறப்புக்கான அறிவிப்பு வந்தது. கடைசி வரி மாறியிருக்கிறது: ‘இறக்கையை வெயிலில் விரித்துப் பார்த்து, ஓர இறகில் சந்து இல்லாத குஞ்சுகளை மட்டும் கொண்டுவரவும்.’

நாற்பது வருஷ வரி. சார் பெரிய மனுஷன்தான். மாற்றவும் ஒரு மனசு வேண்டும்.

19 ஏப்ரல், ஞாயிறு

நவாஸ் பாய் வந்தார். இந்தத் தடவை சாக்குக்கு அல்ல. கையில் கூடை, கூடையில் அவருடைய சிறந்த ஆண். 61ஐக் கேட்கவில்லை. தன் ஆணை அவளோடு சேர்க்க அனுமதி கேட்டார், அதுவும் என் கூண்டில், என் தீனியில். எடுத்ததும் மாடிக்குப் போகாமல் கீழேயே நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார்.

குஞ்சுகளை எப்படிப் பிரிப்பது என்று பேச்சு வந்தது. ஆளுக்கு ஒரு ஜோடி என்றார். சரி என்றேன். எந்த ஜோடி யாருக்கு என்று அவர் இழுக்க ஆரம்பித்ததும் நானே சொன்னேன்: “மொதல்ல பொரிக்கிறது உங்களுக்கு பாய். கடைசியா, அக்டோபர்ல பொரிக்கிறது எனக்கு.”

“அக்கான்னா அக்காதான்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் ஜோடியை அவருக்கு விட்டுக் கொடுத்ததில் அத்தனை சந்தோஷம். 61 பொரித்த மாதத்தை அவர் கேட்கவே இல்லை. இவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, இன்னொரு டீ சாப்பிடுங்க பாய் என்றார்.